ஆவணி 1103

சவத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு ஆற்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளை ஓரமாகத் தள்ளி அவர்களுக்கு வழி செய்துகொண்டிருந்த குழல்வாய்மொழி, தெருமுனையில் போஸ்ட் மாஸ்டர் குத்தாலிங்கம் நிற்பதைப் பார்த்தாள். குடையைச் சாரலுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்திருந்தார். வரவும் இல்லை, போகவும் இல்லை. சாவு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் தலைமுழுகிவிட்டுத்தான் ஆபீஸுக்குத் திரும்ப முடியும். கவுண்டரைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருப்பார்.

அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். அவள் போனாள்.

"அம்மா, நேத்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிஞ்சேல்லா. தென்காசி எக்ஸ்சேஞ்சுல இருந்து இப்பம் சொல்லுதான், மத்தியானத்துக்குள்ள லைன் கிடைச்சிருமாம்." அவர் அவளுக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தார். "என்ன செய்ய? கேன்சல்னு சொல்லிரட்டா?"

அவளும் திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"சரி, கேட்டுட்டு வா. நான் இங்கனயே நிக்கேன்."

நேற்று அந்த டிரங்க் காலைப் பதியப் போனபோது அவளுக்குக் குரல் எழும்பவில்லை. கவுண்டரின் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் சொன்னதைக் குத்தாலிங்கம் மூன்று தடவை திருப்பிக் கேட்டார். பி.எஸ்ஸி. வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட வேலைக்குப் போன இரண்டு நேர்முகத் தேர்விலும், "கடைசி பெஞ்சுக்குக் கேக்குமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நீ பதிஞ்சிட்டு மட்டும் வா. பேசுதது நான் பேசிக்கிடுதேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். நேற்று சாயங்காலம் முழுவதும் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இருமலுக்கு இருமல் நடுவே, சென்னை ஆபீஸில் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்போது வெந்நீர் கேட்டார். அம்மா கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பால்வண்ணநாதன் பிள்ளைக்குத் திருவிதாங்கூர் சர்க்காரில் அம்மை குத்துகிற உத்தியோகம். செங்கோட்டைத் தாலுகா முழுக்க, இலத்தூர், வடகரை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ஊசிக்காரப் பிள்ளை. அவரைக் கண்டதும் குழந்தைகள் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஓடும். ஐம்பத்தாறில் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். குடும்பம் குற்றாலத்துக்கு, அம்மாவின் அண்ணன் பிச்சுமணி வீட்டுக்கு வந்தது. பென்ஷன் மட்டும் வரவில்லை.

திருவனந்தபுரத்துக்கு எழுதினால், காகிதமெல்லாம் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது. சென்னைக்கு எழுதினால் ஆறு மாதம் ஒன்றும் வராது. பிறகு ஒரு வரி வரும். 'பணியில் சேர்ந்த தேதியைச் சரியாகத் தெரிவிக்கவும்.' அவர் தெரிவிப்பார். திரும்பவும் அதே வரி வரும். அவர் தன்னுடைய நியமன உத்தரவை எடுத்துவைத்துப் பார்த்துப் பார்த்து, இன்னும் தெளிவான எழுத்தில், அதே தேதியை எழுதுவார்.

"இதுக்கு மேல சரியா எப்படி எழுத? சேந்த தேதி எனக்குத் தெரியாதா?"

வேறு யாரையும் எழுத விடவில்லை. போன வாரம் வந்த கடிதத்தில் இரண்டு வரிகள் இருந்தன. இந்த மாத முடிவுக்குள் சரியான தேதி வராவிட்டால் கோரிக்கை முடித்துவைக்கப்படும் என்பது இரண்டாவது வரி. அன்றைக்குத்தான் அவர் தபாலை விட்டுவிட்டுப் போனை நினைத்தார்.

அவள் உள்ளே போனாள். முற்றத்தில் கட்டியிருந்த ஓலைத் தட்டிக்குக் கீழே அப்பாவை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கொள்ளி வைக்க இலத்தூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் குடத்தோடு நின்றான். அவள் பிச்சுமணி மாமாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"என்னது? சத்தமாச் சொல்லு."

சொன்னாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? எழவு வீட்டுல இருந்து ஒரு பொம்பளப் பிள்ள போயி போனப் பிடிச்சிக்கிட்டு நிப்பியா? ஊரு சிரிக்கும். பேச வேண்டிய ஆளு இந்தா கெடக்காரு. கேன்சல்னு சொல்லிட்டு வா."

"இந்த மாசத்தோட மூடிருவாங்க மாமா."

"மூடட்டும். இருக்கையிலயே குடுக்காதவன், செத்த பிறகு குடுத்துருவானா?"

மாமா தண்ணீர் ஊற்றச் சொல்லித் திரும்பிவிட்டார்.

அம்மா மங்களம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இலத்தூர்ப் பெண்கள் சுற்றிலும் இருந்தார்கள். ஒரு சுற்று அழுகை ஓய்ந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"எலத்தூர்ல எந்தக் கையத் தூக்கிப் பாத்தாலும் அண்ணாச்சி போட்ட முத்திரை கெடக்கும்" என்றாள் ஒருத்தி, தன் கையைத் தடவிக்கொண்டு.

பக்கத்து வீட்டு வள்ளித்தாய் மூக்கைச் சிந்தினாள். "மங்களத்துக்கும் அவருதான் குத்துனாராம். கலியாணத்துக்கு முந்தியே கையப் பிடிச்சாச்சு. பொறவு வேற எவனுக்குக் குடுப்பாங்க?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நீளும்போதே அழுகையாக மாறியது. அம்மா மட்டும் முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"குத்தாலிங்கம் அண்ணாச்சி எதுக்கு வந்தாவ?"

குழல்வாய்மொழி குனிந்து அவள் காதில் சொன்னாள்.

அம்மா முற்றத்தைப் பார்த்தாள். அங்கே அப்பாவின் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ராத்திரி கஞ்சி குடிக்கல. கேட்டா, நாளைக்குப் பேசிட்டுக் குடிக்கேன்னாவ" என்றாள் அம்மா. பிறகு, "எடுத்த பொறவு போ" என்றாள்.

"மாமா..."

"நான் சொல்லிக்கிடுதேன்."

குழல்வாய்மொழி தெருமுனைக்குப் போய், கேன்சல் வேண்டாம் என்று குத்தாலிங்கத்திடம் சொல்லிவிட்டு வந்தாள்.

பாடையை எடுத்தபோது சாரல் வலுத்திருந்தது. சீசன் கூட்டம். மெயின் அருவிக்குப் போகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, தோளில் துண்டோடு, தெருவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கும்பிட்டார். தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் போகக் கூடாது. பாடை திரும்பி ஆற்றுப் பக்கம் இறங்கும்வரை பார்த்துவிட்டு அவர்கள் வீட்டை நோக்கி நடந்தார்கள். குழல்வாய்மொழி திரும்பவில்லை. நேரே நடந்தாள்.

போஸ்ட் ஆபீஸ் வாசலில் தயங்கினாள். அவள் இன்னும் குளிக்கவில்லை.

"உள்ள வா. போனுக்கெல்லாம் தீட்டு கெடையாது" என்றார் குத்தாலிங்கம். சொல்லிவிட்டு, தான் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மணியார்டர் எழுத வந்த இரண்டு பேர் அவளுடைய கலைந்த தலையைப் பார்த்துவிட்டு விலகி நின்றார்கள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் ஒரு பல்லி. மேஜையில் பசைக் கிண்ணம். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. குத்தாலிங்கம் நாற்காலியைக் காட்ட, அவள் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"குத்தாலம் போஸ்ட் ஆபீஸா? மெட்ராஸ் வந்தாச்சு. பேசுங்க" என்றது ஓர் ஆண்குரல்.

அதற்குப் பிறகு அருவி விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் எங்கேயோ ஒரு மனிதக் குரல் இருந்தது.

"ஹலோ" என்றாள்.

"சத்தமாப் பேசும்மா" என்றார் குத்தாலிங்கம்.

"ஹலோ, சார்."

இரைச்சல்தான். முதலில் பேசிய குரல் திரும்ப வந்தது. "அம்மா, நான் தென்காசி ஆபரேட்டர். சாரல்ல லைன் நனைஞ்சு கெடக்கு. நீங்க பேசுதது எனக்குக் கேக்குது. அவரு பேசுததும் எனக்குக் கேக்குது. உங்க ரெண்டு பேருக்குந்தான் கேக்க மாட்டக்கு. நான் இடையில நின்னு சொல்லக் கூடாது, ரூல் இல்ல." குரலைத் தணித்தான். "சுருக்கமாச் சொல்லுங்க. சொல்லுதேன்."

ஃபைல் நம்பரை அவள் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் சொன்னாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

"பேரு?"

"பால்வண்ணநாதன். செங்கோட்டைத் தாலுகா வாக்ஸினேட்டர்."

"யாரு, ஊசிக்காரரா?"

"ஆமா."

"எனக்கு வடகரை. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மக."

"அவரு பக்கத்துல இருந்தா அவரையே பேசச் சொல்லுங்களேன். அவருக்கு நல்ல கனத்த தொண்டைல்லா."

குத்தாலிங்கம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஸ்டாம்பு வாங்க வந்த யாரையோ கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"அவங்க இன்னைக்குக் காலைல இறந்துட்டாங்க" என்றாள்.

மறுபக்கம் சத்தமில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, "எங்கப்பா இன்னைக்குக் காலைல இறந்துட்டாங்க" என்று கத்தினாள். அவளுடைய குரல் அந்த அறையின் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அது தன்னுடையதுதான் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"முதல் தடவையே கேட்டுதும்மா" என்றான் ஆபரேட்டர்.

பிறகு அவன் சென்னையிடம் அதைச் சொல்வது அவளுக்குக் கேட்டது. "சார், அப்ளிகண்ட் இன்னைக்குக் காலைல இறந்துட்டார். ஆமா சார். இறந்துட்டார். மக பேசுதாங்க." வீட்டில் காலையிலிருந்து யாரும் அந்த வார்த்தையை இத்தனை நேராகச் சொல்லியிருக்கவில்லை.

"வருத்தமா இருக்குன்னு சொல்லுதாரு. ஆனா ஃபைல மூடத்தான் வேணுமாம். சேந்த தேதி இல்லாம ஒண்ணும் நகராதாம்."

"தேதி எழுதியிருக்காங்களே. ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்காங்க."

"எழுதுன தேதி தப்பாம்."

"என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுங்க."

இரைச்சல். பொறுத்திருந்தாள்.

"ஆவணி பதினொண்ணு, ஆயிரத்து நூத்தி மூணு."

"சரியாத்தான இருக்கு" என்றாள்.

"நானும் அதத்தாம்மா சொன்னேன், சரியாத்தான இருக்குன்னு. மனுசன் கோவப்படுதாரு."

குத்தாலிங்கம் ஜன்னலிலிருந்து திரும்பினார். "என்ன தேதி?"

"ஆவணி பதினொண்ணு, ஆயிரத்து நூத்தி மூணு."

"அதுல என்ன தப்பு? எங்க கடைசித் தம்பி பொறந்த வருசம்."

ஆபரேட்டர் மறுபடி வந்தான். "அம்மா, அவரு என்ன கேக்காருன்னா, எண்ணூறு வருசத்துக்கு முன்னால வேலைக்குச் சேந்தவருக்கு நாங்க எப்படி பென்ஷன் போடன்னு..."

அவன் முடிக்கவில்லை. ஓட்டுத் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"கொல்லம்" என்றாள் குழல்வாய்மொழி மெல்ல.

"அட அல்லா" என்றான் ஆபரேட்டர்.

செங்கோட்டையில் எல்லாக் காகிதத்திலும் கொல்லம் ஆண்டுதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த தேதி, பத்திரம் பதிந்த தேதி, வேலைக்கு எடுத்த உத்தரவு. வயதைக் கேட்டாலும் அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு அது ஒரு கணக்கு என்பதே தோன்றியிருக்காது. அதுதான் வருஷம். சென்னையில் இருக்கிறவருக்கு அது வெறும் எண். சரியாக எழுது என்று அவர் கேட்கக் கேட்க, இவர் சரியாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவருகிட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "வேண்டாம். நானே சொல்லுதேன். கேக்குதான்னு மட்டும் பாருங்க."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அது இங்கிலீஷ் வருஷம் இல்ல. கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் சர்க்கார் வருஷம். ஆவணில இருந்து டிசம்பர் வரைக்கும் எண்ணூத்தி இருபத்தி நாலு, அதுக்குப் பிறகு இருபத்தஞ்சு கூட்டணும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு ஆகஸ்ட். எங்கப்பா இருபத்தேழு ஆகஸ்ட்ல வேலைக்குச் சேந்தாங்க. முப்பது வருஷம் வேலை பாத்தாங்க. ஒரு நாள்கூடத் தப்பா எழுதல. கேக்குதா சார்? தப்பா எழுதல."

கண்ணைத் திறந்தபோது போஸ்ட் ஆபீஸ் வாசலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எண்ணெய் தேய்த்த ஒரு மனிதர் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாதி நேராவே கேட்டுதாம். மீதிய நான் சொல்லிட்டேன்" என்றான் ஆபரேட்டர்.

"என்ன சொல்லுதாரு?"

"ஃபைலப் புரட்டுதாரு போல, தாள் சத்தம் கேக்குது." பிறகு, "இருங்க, பேசுதாரு" என்றான். அவனுடைய 'ஆமா சார்', 'சரி சார்' மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, கேட்டுக்கிடுங்க. இதே மாதிரி உங்க பக்கத்து ஃபைல் இன்னும் சிலது தேதி தப்புன்னு ஒதுக்கிக் கெடக்காம். எல்லாத்தையும் எடுத்துப் பாக்கேங்காரு. உங்க ஃபைல மூடல. அம்மா பேருல ஒரு மனு எழுதணுமாம். இன்னைய தேதிக்கு, அவரு தவறுன தேதிக்கு, ஒரு ஆதாரம் வேணும். அப்புறம், இந்தக் கொல்லம் கணக்கு இங்கிலீஷ் கணக்குக்கு எப்படி வருதுன்னு அச்சுல உள்ளது ஏதாவது ஒண்ணு. வாய்ச்சொல்லா வச்சு மேல எழுத முடியாதுல்லா. மாசக் கடைசிக்குள்ள கெடைச்சிட்டா, வர வேண்டியது அம்மாவுக்கு வந்துருமாம்."

"சரின்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன். மெட்ராஸ் வச்சாச்சு." ஆனால் அவன் வைக்கவில்லை. "எனக்கும் அவருதாம்மா குத்துனாரு. ரெண்டு ஆளு காலப் பிடிச்சிருந்தும் நான் அவரு கையக் கடிச்சு வச்சிட்டேன்."

"அவங்க கையில பல்லுத் தழும்பு நிறைய உண்டு" என்றாள். "எல்லாம் வடகரைப் பயலுவன்னு சொல்லுவாங்க."

அவன் சிரித்தது இரைச்சலில்லாமல் கேட்டது. தென்காசி பக்கம்தானே. "முகம்மது மீரான்னு பேரு. மனு அனுப்பிட்டு, பதில் வரலன்னா மறுபடி பதியுங்க. நான் இருந்தா லைன் போட்டுத் தாரேன்."

"மூணு நிமிசத்துக்குத்தான் காசு. எப்பவோ தாண்டியிருக்குமே" என்ற குத்தாலிங்கம், அவள் வைத்த போனை எடுத்துத் தென்காசியிடம் பேசிவிட்டு வைத்தார். "எவ்வளவுன்னு தென்காசியக் கேட்டேன். மூணு நிமிசந்தான் ஓடியிருக்குங்கான்." அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்டாம்பு வாங்க நின்றவரைக் கூப்பிட்டார்.

அவள் பின்கட்டு வழியாக வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் கட்டிய சேலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஊற்ற ஊற்ற, தொண்டை எரிந்தது. வாளியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து வந்தது எது, கிணற்றுத் தண்ணீர் எது, சாரல் எது என்று அவளும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆண்கள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்கள். ஈரவிறகு முதலில் பிடிக்கவில்லை, பிறகு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று மாமா சொன்னார். அவள் பக்கம் பார்க்காமல், "என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"மூடலையாம், மாமா."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார். "சரி. மனு எழுதுனா எங்கிட்டக் குடு. நானே போயி ரிஜிஸ்தர் தபால்ல போட்டுட்டு வாரேன்" என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு இலையில் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

"பேசுனியா?"

"பேசுனேன்."

"தெருவரைக்கும் கேட்டுதுன்னு வள்ளித்தாய் சொன்னா."

குழல்வாய்மொழி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேதி விஷயத்தைச் சொன்னாள். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆயிரத்து நூத்தி மூணுதான. அதுல என்ன தப்பு?" என்றாள்.

"தப்பு இல்லம்மா."

"எனக்குக் குத்துனது ஆயிரத்து நூத்தி நாலுல. நல்லா ஞாபகம் இருக்கு. புது உத்தியோகம், கை நடுங்கிச்சு. எனக்கு இல்ல, அவியளுக்கு." முந்தானை விலகியிருந்தது. அவள் அதை இழுத்து மூடவில்லை. மேல்கையில் இருந்த வட்டத் தழும்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

கூடத்துச் சுவரில் நாள்காட்டி நேற்றைய தேதியோடு நின்றது. எழுந்ததும் அதைக் கிழிப்பது அப்பாவின் வேலை. வேறு யாரும் தொட்டதில்லை. குழல்வாய்மொழி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். நேற்றைக் கிழித்தாள். கீழே இன்று இருந்தது. நடுவில் பெரிய எழுத்தில் இங்கிலீஷ் தேதி. அதற்கு மேலே, 1962 என்று. ஓரத்தில், கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிற சின்ன எழுத்தில், ஆனி மாதம், கொல்லம் ஆண்டு 1137. இரண்டு வருஷங்களும் ஒரே தாளில், ஒரு விரல் இடைவெளியில் இருந்தன.

அவள் அதையும், ஓரம் பிசிறாமல், மெதுவாகக் கிழிக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, அது இன்னைக்கு உள்ளதுல்லா" என்றாள் அம்மா கீழேயிருந்து. "இன்னும் பொழுதே அடையலயே."

"மெட்ராஸுக்கு அனுப்பணும்மா."

தாளை ஈரம் படாமல் அப்பாவின் ஊசிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். வெளியே சாரல் விட்டு வெயில் தலைகாட்டியது. அருவிக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் தெருவில் மறுபடி தொடங்கியிருந்தது. சுவரில் நாளைய தேதி, கொஞ்சம் முன்னதாகவே வந்து, காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தது.